குட்டி போடும் கணக்கு: மாறுவீதமும் அடுக்குக்குறி வளர்ச்சியும் முதல்முறை படிப்பவர்களுக்கு

“வட்டி குட்டி போட்டுவிட்டது” என்று ஊரில் சொல்வார்கள். வாங்கியவர் அசலையும் கட்டவில்லை, வட்டியையும் கட்டவில்லை. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துகொண்டு, தனக்கும் வட்டி கேட்கத் தொடங்கிவிட்டது. இயற்கணித வகுப்பில் ‘அடுக்குக்குறி வளர்ச்சி’ என்ற மிரட்டும் பெயரில் வருவது இதுதான். புதிதாக வந்து சேர்ந்ததும் குட்டி போடுகிறதா என்று கேளுங்கள். போட்டால் அடுக்குக்குறி. போடாவிட்டால் வேறு ஏதோ ஒன்று.

இந்தப் பாடத்தை முதல்முறை சந்திக்கும் மாணவருக்கும், மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்கும் இதை எழுதுகிறேன். நானும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன்தான். ஆரம்பத்தில் சூத்திரத்தை முதலில் எழுதிப் போட்டுவிட்டு, அப்புறம் விளக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சூத்திரத்தை அழகாக ஒப்பித்தார்கள். கணக்கு மட்டும் வரவில்லை. இப்போதெல்லாம் சூத்திரம் கடைசியில்தான். அதுவரைக்கும் அட்டவணை, அட்டவணை, அட்டவணை.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு நோட்டு, கால்குலேட்டர் (போனில் இருப்பதே போதும்), இரண்டு வரைபடத்தாள், ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. கடைசியில் இருப்பதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் மாறுவீதம்

கிரிக்கெட் பார்ப்பவருக்கு இது ஏற்கெனவே தெரியும். ரன்ரேட் என்பதே மாறுவீதம்தான். இருபது ஓவர் ஆட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 6 ஓவர் முடிவில் 48 ரன். 15 ஓவர் முடிவில் 111. 20 ஓவர் முடிவில் 176.

முதல் 6 ஓவரில் ரன்ரேட் 48 ÷ 6 = 8. அடுத்த பகுதிக்கு என்ன செய்வது? ரன்னில் கழிக்க வேண்டும்: 111 − 48 = 63. ஓவரிலும் கழிக்க வேண்டும்: 15 − 6 = 9. வகுத்தால் 7. கடைசி ஐந்து ஓவரில் 65 ÷ 5 = 13. மொத்த ஆட்டத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 176 ÷ 20 = 8.8.

மேலே கழி, கீழே கழி, அப்புறம் வகு. சராசரி மாறுவீதம் என்பது இவ்வளவுதான். பிள்ளைகள் வழக்கமாகத் தவறுவது ஒரே இடத்தில். மேலே கழித்துவிட்டு, கீழே கழிக்க மறந்து 63 ÷ 15 என்று போட்டுவிடுவார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். 8.8 என்ற எண்ணைப் பார்த்து நடுவில் ஆட்டம் படுத்ததையும் கடைசியில் வெளுத்து வாங்கியதையும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் மாறுவீதம் கேட்டால், “எதற்கும் எதற்கும் நடுவே?” என்று திருப்பிக் கேட்கப் பழகுங்கள். விடையோடு அலகையும் எழுதுங்கள். 7 என்று மொட்டையாக எழுதினால் அது எதுவாகவும் இருக்கலாம். ஓவருக்கு 7 ரன் என்றால்தான் பொருள்.

அடுத்து, மாறுவீதம் மாறாமலே இருக்கும் ஒரு கணக்கு. சென்னைக்கு 2013-இல் தமிழ்நாடு அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (“மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க” என்பதை நம் கணக்கில் சேர்க்கவில்லை.)

1.8 கி.மீ. — 25 ரூபாய்
2.8 கி.மீ. — 37 ரூபாய்
3.8 கி.மீ. — 49 ரூபாய்
4.8 கி.மீ. — 61 ரூபாய்

எந்த இரண்டு வரியை எடுத்தாலும் கழித்து வகுத்தால் 12 வரும். வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு. அந்த 12-தான் கோட்டின் சாய்வு; இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் படித்திறன் என்று பெயர். இங்கே ஒரு சின்னக் கண்ணி உண்டு. 1.8 கிலோமீட்டருக்கு 25 என்றால், தூரம் இரட்டிப்பாகி 3.6 ஆகும்போது கட்டணமும் இரட்டிப்பாகி 50 ஆகுமா? ஆகாது. 25 + (1.8 × 12) = 46 ரூபாய் 60 காசு. நேர்கோட்டில் போவதெல்லாம் நேர்விகிதத்தில் போவதில்லை.

ஓடிய கிலோமீட்டர் குட்டி போடுவதில்லை. ஐந்தாவது கிலோமீட்டருக்கும் பதினைந்தாவதுக்கும் அதே 12 ரூபாய்தான்.

புளியங்கொட்டையை உருட்டுங்கள்

தாயம் விளையாடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோம் இல்லையா, அதே மாதிரி ஒரு ஐம்பது அறுபது கொட்டை தேய்த்து வையுங்கள். விரல் எரியும், பொறுமை இல்லையென்றால் நாணயம் போதும். ஆனால் கொட்டையில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு கொட்டையோடு தொடங்குங்கள். உருட்டிப் போடுங்கள். வெள்ளை மேலே தெரிகிற ஒவ்வொரு கொட்டையும் ஒரு குட்டி போட்டதாகக் கணக்கு. அதாவது, எத்தனை வெள்ளையோ அத்தனை புதுக் கொட்டையை எடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்த எல்லாவற்றையும் மறுபடி உருட்ட வேண்டும். குட்டிகளும் இனி உருளும், அவையும் குட்டி போடும். விளையாட்டின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மொத்த எண்ணிக்கையை எழுதுங்கள். இப்படி ஒரு வரிசை வரலாம்:

4, 6, 10, 14, 22, 32, 49

ஒவ்வொரு முறையும் வரிசை வேறாக வரும். என் வரிசையையே எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது நோட்டில் பக்கத்திலேயே இரண்டு நிரல் கூடுதலாகப் போடுங்கள். ஒன்றின் தலைப்பு ‘கூடியது’: பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து எழுதுங்கள். மற்றதன் தலைப்பு ‘மடங்கு’: பின்னதை முன்னதால் வகுத்து எழுதுங்கள்.

கூடியது: 2, 4, 4, 8, 10, 17
மடங்கு: 1.50, 1.67, 1.40, 1.57, 1.45, 1.53

கூடியது ஏறிக்கொண்டே போகிறது. ஆட்டோ கட்டணத்தில் அது 12-லேயே நின்றது, இங்கே நிற்கவில்லை. மடங்கு மட்டும் ஒன்றரையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கூட்டல் நிரல் மாறாவிட்டால் நேர்கோடு, மடங்கு நிரல் மாறாவிட்டால் அடுக்குக்குறி. தேர்வில் எந்த அட்டவணையைக் கொடுத்து ‘இது எவ்வகைச் சார்பு?’ என்று கேட்டாலும் இந்த இரண்டு நிரலைப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு நிபந்தனை: அட்டவணையின் முதல் நிரலில் (நம் விளையாட்டில் அது சுற்று எண்) உள்ள இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டும். 1, 2, 3, 5, 8 என்று தாவித் தாவிக் கொடுத்திருந்தால் மடங்கை அப்படியே ஒப்பிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ‘கூடியது’ நிரலை மொத்த எண்ணிக்கையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 இருந்தபோது 2 கூடியது. 6 இருந்தபோது 4. 10 இருந்தபோது 4. 14 இருந்தபோது 8. 22-இல் 10. 32-இல் 17. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், எப்போதும் இருந்ததில் ஏறக்குறைய பாதி. அதாவது மாறுவீதம் தன் இஷ்டத்துக்கு ஏறவில்லை. இருப்பு எவ்வளவோ அதைப் பார்த்து ஏறுகிறது. மாறுவீதப் பாடத்தையும் அடுக்குக்குறிப் பாடத்தையும் தனித்தனியாகப் படிப்பவர்கள் இந்த இணைப்பைத் தவறவிடுகிறார்கள். பின்னால் நுண்கணிதம் படிக்கும்போது இதே உறவு வேறு உடையில் வரும். அப்போது புளியங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கொட்டையின் வசதி என்ன? நாணயத்தில் பூவும் தலையும் சரிபாதி விழும். தேய்த்த கொட்டையில் அப்படி விழ வேண்டிய கட்டாயம் இல்லை. சிலர் வீட்டில் மடங்கு 1.4-ஐச் சுற்றி வரும், சிலர் வீட்டில் 1.6. தேய்த்த விதம் அப்படி. பெருக்கி, அதாவது ஒவ்வொரு முறையும் பெருக்கும் இந்த மடங்கு, என்றால் 2 அல்லது 3 போல முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

மூணு வட்டி

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. பேச்சில் ‘மூணு வட்டி’. 10,000 ரூபாய் வாங்கியதாக வையுங்கள்.

தனிவட்டி என்றால் மாதம் 300 கூடும்: 10,300, 10,600, 10,900. ஆட்டோ கணக்கின் தம்பி.

கூட்டுவட்டி, அதாவது வட்டிக்கு வட்டி என்றால்: 10,300, 10,609, 10,927.27. கூடியது 300, 309, 318.27. ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய மாதத் தொகையில் நூற்றுக்கு மூன்று. மடங்கு எப்போதும் 1.03.

மூன்று மாதத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 27 ரூபாய் 27 காசு. வரைபடத்தாளில் குறித்தால் இரண்டும் ஒரே கோடு போலத்தான் தெரியும். கடன் வாங்குபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இன்னும் தள்ளிப் போங்கள்:

12 மாதம்: தனிவட்டியில் 13,600, கூட்டுவட்டியில் 14,257.61
24 மாதம்: 17,200; 20,327.94
60 மாதம்: 28,000; சுமார் 58,916

இதை மாதாமாதம் பெருக்கி 60 வரி எழுதத் தேவையில்லை. மூன்று மாதம் என்பது 10,000 × 1.03 × 1.03 × 1.03. அறுபது மாதம் என்பது 1.03-ஐ அறுபது முறை பெருக்குவது, சுருக்கமாக 10,000 × 1.03⁶⁰. இப்போது சூத்திரம் தானாக வந்துவிட்டது:

முடிவு = தொடக்கம் × பெருக்கியின் அடுக்கு (எத்தனை படியோ அத்தனை; இங்கே ஒரு மாதம் ஒரு படி)

பாடநூலில் சொற்களுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும். கணக்கைப் படித்ததும் தொடக்கம் எது, பெருக்கி எது, படி எது என்று நோட்டின் ஓரத்தில் மூன்று வரி எழுதிவிட்டு, அப்புறம் எழுத்துகளுக்குப் போங்கள். நேர்கோட்டுச் சூத்திரத்தையும் அதன் கீழேயே எழுதிப் பாருங்கள்: முடிவு = தொடக்கம் + கூட்டுவது × எத்தனை படி. முதலாவதில் பெருக்கல் இருக்கும் இடத்தில் இங்கே கூட்டல், அடுக்கு இருக்கும் இடத்தில் பெருக்கல்.

எப்போது இரட்டிப்பாகும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 72-ஐச் சதவீதத்தால் வகுங்கள். மூணு வட்டிக்கு 72 ÷ 3 = 24 மாதம். மேலே 24 மாதத்தில் 20,327 என்று வந்ததே, பொருந்துகிறது. வருடத்துக்கு 8 சதவீதம் என்றால் 9 வருடம், 1.08⁹ கிட்டத்தட்ட 1.999. இது தோராயம்தான், சதவீதம் பெரிதாகப் பெரிதாகப் பிசகும். துல்லியமான விடைக்கு மடக்கை வேண்டும். அது வரும் வரை கால்குலேட்டரில் அடுக்கை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

படியின் நீளத்தைக் கவனியுங்கள். நம் வங்கிகளில் வைப்புநிதிக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்ப்பார்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் காலாண்டுக்கு 2. ஆகவே ஓராண்டுக்கு 1.08 அல்ல, 1.02⁴ = 1.0824. பத்தாயிரத்துக்கு 24 ரூபாய் சொச்சம் அதிகம்.

சதவீதத்தைப் பெருக்கியாக்குதல்

இதில் தடுமாறினால் மேலே சொன்னதெல்லாம் வீண். 5 சதவீதம் கூடினால் பெருக்கி 1.05. (1.5 என்று எழுதினால் 50 சதவீதம். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை.) 15 சதவீதம் குறைந்தால் 0.85. ஒரு லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஆண்டுக்கு 15 சதவீதம் மதிப்பு இழந்தால் 85,000, அப்புறம் 72,250, அப்புறம் 61,412.50. இறங்கும்போதும் விதி அதேதான். பெருக்கி ஒன்றைவிடச் சிறியது, அவ்வளவே.

ஆடித் தள்ளுபடியில் ‘50% + 20%’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்களே, அது 70 சதவீதம் இல்லை. 0.5 × 0.8 = 0.4. நூறு ரூபாய்த் துணிக்கு 40 ரூபாய் கொடுக்க வேண்டும். தள்ளுபடி 60 சதவீதம். பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

சூத்திரத்தில் இன்னொரு தவறு: 2 × 3⁴ என்பதை 6⁴ என்று எழுதுவது. முதலாவது 162, இரண்டாவது 1,296. அடுக்கு பெருக்கிக்கு மட்டும்தான், தொடக்கத்துக்கு இல்லை.

வேகமாக ஏறுவதெல்லாம் அடுக்குக்குறி இல்லை

செய்திகளில் எது கொஞ்சம் வேகமாக உயர்ந்தாலும் இந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். வர்க்க எண்களை எடுங்கள்: 1, 4, 9, 16, 25, 36. கூடியது 3, 5, 7, 9, 11. ஏறுகிறதுதான். மடங்கு 4, 2.25, 1.78, 1.56, 1.44 என்று தேய்ந்துகொண்டே போகிறது. எனவே அடுக்குக்குறி இல்லை. இரண்டின் அடுக்குகளோடு ஒப்பிட்டால் மூன்றாவது இடத்தில் வர்க்கம்தான் முன்னிலை: 9-க்கு எதிராக 8. நான்காவதில் இரண்டும் 16. பத்தாவதில் 100-க்கு எதிராக 1,024. இருபதாவதில் 400-க்கு எதிராக 10,48,576.

நிஜத் தரவில் ஒருமுறை

பாடநூல் அட்டவணைகள் சுத்தமாக இருக்கும், உலகம் அப்படி இருக்காது. அதனால் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். எண்கள் கோடியில்:

1951 — 36.1
1961 — 43.9
1971 — 54.8
1981 — 68.3
1991 — 84.6
2001 — 102.9
2011 — 121.1

இரண்டு நிரலையும் நீங்களே போடுங்கள். போட்ட பிறகு கீழே படியுங்கள்.

கூடியது: 7.8, 10.9, 13.5, 16.3, 18.3, 18.2. மடங்கு: 1.216, 1.248, 1.246, 1.239, 1.216, 1.177. நடுவில் முப்பது ஆண்டுகள் மடங்கு 1.24-ஐ ஒட்டியே நிற்கிறது. அடுக்குக்குறி வளர்ச்சியின் ரேகை அது. பிறகு மடங்கு இறங்குகிறது. கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள்: 2001-க்கும் 2011-க்கும் நடுவே கூடியது, அதற்கு முந்தைய பத்தாண்டில் கூடியதைவிடச் சற்றுக் குறைவு. 1911–21-ஐ விட்டால் இந்தியாவில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. குடும்பங்கள் சிறுத்ததன் தடயத்தை ஒரு கழித்தல் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

1971-இல் உட்கார்ந்து ஒருவர் “மடங்கு இனி எப்போதும் 1.248” என்று கணித்திருந்தால், 2011-க்கு 54.8 × 1.248⁴, அதாவது சுமார் 133 கோடி என்று சொல்லியிருப்பார். நிஜத்தைவிட 12 கோடி அதிகம். சூத்திரம் தவறவில்லை, மடங்கு மாறாது என்ற நம்பிக்கைதான் தவறியது.

அறுபது ஆண்டில் மொத்தம் எத்தனை மடங்கு? 121.1 ÷ 36.1 = 3.35, அதாவது 235 சதவீத உயர்வு. சரி, ஆண்டுக்கு எவ்வளவு? 235-ஐ 60-ஆல் வகுத்து 3.9 என்று சொல்லத் தோன்றும். சோதியுங்கள்: 36.1 × 1.039⁶⁰ கிட்டத்தட்ட 360 கோடி! குட்டி போட்ட கணக்கைக் கூட்டல் கணக்கு போல வகுத்ததால் வந்த வினை. அறுபது முறை பெருக்கினால் 3.35 வரும் எண் எது என்று தேட வேண்டும், அதாவது 3.35-இன் அறுபதாம் மூலம். விடை ஏறக்குறைய 1.0204, ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். எவ்வளவு சின்ன எண், எவ்வளவு பெரிய வேலை பாருங்கள்.

வரைபடத்தாளில் இந்த ஏழு புள்ளிகளையும் குறித்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை அளவுகோலால் இணையுங்கள். ஒவ்வொரு துண்டின் சாய்வும் அந்தப் பத்தாண்டின் சராசரி மாறுவீதம். ஐந்து துண்டு வரை செங்குத்தாகிக்கொண்டே போகும், ஆறாவது ஐந்தாவதோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் சேரும்.

தனியாகச் செய்து பார்க்க ஒன்று

முப்பது நாள் வேலை. ஒருவருக்குத் தினம் ஒரு லட்சம் ரூபாய். இன்னொருவருக்கு முதல் நாள் ஒரு காசு, இரண்டாம் நாள் இரண்டு காசு, மூன்றாம் நாள் நான்கு காசு, இப்படி நாளுக்கு நாள் இரட்டிப்பு. நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்பதை முதலில் நோட்டில் எழுதி, அப்புறம் அட்டவணையைத் தொடங்குங்கள். நான்கு நிரல் வேண்டும்: நாள், அன்றைய கூலி, அதுவரை சேர்ந்தது, லட்சக்காரரிடம் அதுவரை சேர்ந்தது. பத்தாம் நாள் காசுக்காரரிடம் மொத்தம் 10 ரூபாய் 23 காசுதான் இருக்கும். லட்சக்காரரிடம் பத்து லட்சம். இருபதாம் நாளில் காசுக்காரரிடம் 10,485 ரூபாய் 75 காசு. அங்கே பலர் பேனாவை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். 28-ஆம் நாள் முடியும் வரைக்கும் லட்சக்காரர்தான் முன்னால் இருப்பார். 29-ஆம் நாள் வரியையும் 30-ஆம் நாள் வரியையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.